கையெழுத்துக்கு மேலே மூன்று வரி

சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். "நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." கேட்டதும் திருதிருவென்று முழிப்பார்கள். தன்னைப் பற்றித் தானே, அதுவும் என் குரலில், "இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும்" என்று எழுதுவதென்றால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் கால்நடை மருத்துவர். ஒரு நாளைக்கு நாற்பது நாய் பூனை பார்க்கிறேன். உட்கார்ந்து கட்டுரை எழுத எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

இது நான் மட்டும் செய்யும் அக்கிரமம் இல்லை. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடிதங்களைப் படிக்கிற குழுவுக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் டைப் அடித்த பகுதியை ஒப்புக்குப் பார்த்துவிட்டு, கையெழுத்துக்கு மேலே டாக்டர் தன் கையால் எழுதிய இரண்டு மூன்று வரிகளைத்தான் நிஜமாகப் படிப்பார்கள். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கடிதத்தின் அடியில் மூன்று வரிக்கு இடம் விட்டுத்தான் கொண்டுவருவார்கள். நான் அதை நிரப்பி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். அதற்குப் பிறகு கல்லூரியைத் தவிர யாரும் அதைப் பிரிக்கக் கூடாது.

அந்த மூன்று வரியை வைத்துத்தான் நான் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை விழுங்கினேன்.

எங்கள் மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் டோக்கன் அண்ணன். வாசலில் உட்கார்ந்து எண் கொடுப்பது, நாயை அவிழ்த்துவிடுகிறவர்களைத் திட்டுவது, டாக்டரம்மா கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று முன்கூட்டியே வந்தவர்களிடம் சொல்லிவைப்பது, இவைதான் அவருடைய வேலைகள். ஆள் ஒல்லி என்பதற்காக அவர் ஊசி என்றார். எனக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகப் பொருத்தமாகப் பட்டது. எப்பேர்ப்பட்ட மிருகமாக இருந்தாலும் நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். நீர் வற்றிப்போய், நரம்பெல்லாம் உள்ளே சுருண்டுகொண்ட கிழட்டுப் பூனையிலும் பிடிப்பாள். உயிரியல் படிப்பை முடித்துவிட்டு, கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன் அனுபவம் வேண்டும் என்று எங்களிடம் வந்தவள். மூன்று வருடம் ஆகியிருந்தது.

என் வலது கட்டைவிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூட்டு தேய்ந்துபோய்விட்டது. கத்தி பிடித்து வெட்டுவதும் தைப்பதும் எப்படியோ நடந்துவிடும். ஆனால் மெல்லிய ஊசியைப் பிடித்து நரம்புக்குள் மெதுவாகத் தள்ளுகிற வேலை மட்டும் முடியாது. நடுவில் விரல் விட்டுவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கைக்கு வைத்தியம் பார்க்கவும் போகவில்லை, ஏனென்றால் ஓய்வு கொடுங்கள் என்பார்கள். ஊசியிடமும் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாளிலிருந்து மருந்துப் புட்டிகளின் மூடிகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே தளர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நரம்பில் ஊசி போடவேண்டிய மிருகம் வந்தால், "நான் போடட்டுமா டாக்டர், எனக்கும் பழக்கமாகும்" என்பாள். மற்றவர்கள் எதிரில் என் மானம் போகாமல் கேட்கத் தெரிந்த பெண்.

போன வருடம் அவள் தன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது நான் ஒரு நாய்க்குக் காது கழுவிக்கொண்டிருந்தேன். "மேசைமேல வச்சிருக்கேன் டாக்டர். அவசரம் இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள போதும்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுகளைச் சுத்தம் செய்யப் போனாள். அந்தக் கல்லூரிக்கு ஒருவர் மொத்தம் இரண்டு தடவைதான் விண்ணப்பிக்கலாம். அது அவளுடைய முதல் தடவை.

மதியம் ஆள் குறைந்ததும் எடுத்துப் படித்தேன். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதைப் படித்தால், எங்கள் இரண்டு அறை மருத்துவமனையில் தினமும் அற்புதங்கள் நடப்பதாக யாரும் நினைத்துக்கொள்வார்கள். இவள் அப்படி எழுதவில்லை. என்ன வேலை செய்தாள், எத்தனை மணி நேரம் செய்தாள் என்று எழுதியிருந்தாள். நடுவில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "ஒருமுறை இவர் ஒரு முயலை அது சுற்றப்பட்டிருந்த துண்டோடு சேர்த்து எடை போட்டுவிட்டார். அந்த எடைக்கு மயக்க மருந்து அளந்து வைத்த பிறகு, அதை ஏற்றுவதற்கு முன், தானே வந்து என்னிடம் சொன்னார். அன்று நான் இவரைக் கடுமையாகத் திட்டினேன்." எனக்கே மறந்துபோயிருந்தது. திட்டியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

படித்ததும் இந்தப் பெண் கட்டாயம் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி ஒரு கடிதத்துக்கு அடியில் "இவரைவிடச் சிறந்த கை எனக்குத் தெரியாது" என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு மாதத்தில் அவள் கல்லூரியில் இருப்பாள். நான் இங்கே இந்த விரலை வைத்துக்கொண்டு, நரம்பு கிடைக்காமல், பூனைக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: "நல்ல பெண். மேலும் ஓராண்டு அனுபவம் பெற்றபின் படிக்க வந்தால் இன்னும் சிறப்பாகச் செய்வார் என்பது என் கருத்து."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை பாருங்கள். ஓராண்டு அனுபவம் யாருக்குத்தான் கெடுதல்? வெறும் ஒரு வருடம்தானே, இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே, அதற்குள் நானும் வேறு ஆளைப் பழக்கிவிடுவேனே என்று எனக்கு நானே வகை வகையாகச் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். கவரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று அவள் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது. "டாக்டர், கிடைக்கல. அப்புறம், ரெண்டாம் கூண்டு நாய் ரெண்டு தடவ வாந்தி எடுத்திருக்கு." அவ்வளவுதான். நாயைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நான் மறைக்கப் போவதில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் நான் எவ்வளவு கேவலமானவள் என்பது உறைத்தது.

நாலு நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். வேலைக்கு நடுவில் ஓடிவந்திருந்ததால் உட்காரவில்லை.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க டாக்டரம்மா. இவளுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார். நான் ஏதோ முனகினேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கடைசியில உங்க கைப்பட நாலு வார்த்த எழுதுவீங்களாமே. அது என்னன்னு தெரிஞ்சுக்கலாமா? வேற ஒண்ணுமில்ல, ஒரு சந்தோஷத்துக்குத்தான். சொல்லக்கூடாதுன்னா வேண்டாம்" என்றார்.

சொல்லக்கூடாது என்றே சொல்லியிருக்கலாம். அதற்கு வழியும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இவளைவிடச் சிறந்த கை எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருந்தேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். உள்ளே வந்து கையைக் கழுவினேன், தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அதற்குப் பிறகு நான் ரொம்ப நல்லவளாகிவிட்டேன். என்னுடைய பழைய பாடப் புத்தகங்களை எல்லாம் ஊசிக்குக் கொடுத்தேன். மழை வந்தால் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் கையிலிருந்து மருந்துப் புட்டி விழுந்து உடைந்தபோது, "பரவாயில்ல, கால்ல குத்திடாம பாத்துக்கோ" என்றேன். டோக்கன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "டாக்டரம்மா, ஒரு மாசமா யாரையும் திட்டல. எதுக்கும் ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். ஊசி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். புது ஆளைப் பழக்குவது மட்டும் நடக்கவில்லை. வருகிற பிள்ளைகளில் கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் கொஞ்சம் தேறுவான்போல இருந்தது. ஆனாலும் ஊசி இருக்கும்போது அவனிடம் எதற்கு ஒப்படைப்பது என்று நாள் தள்ளிக்கொண்டே போனேன்.

இந்த வருடம் போன வாரம் அவள் மறுபடியும் கடிதத்தோடு வந்தாள். இதுதான் அவளுடைய கடைசி வாய்ப்பு. நான் தயாராக இருந்தேன். எழுதவேண்டிய வரிகளைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். இந்தத் தடவை அவளைக் கல்லூரியில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், கணக்கு நேராகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைப் படித்தேன். "அவசர சிகிச்சைப் பிரிவை இவர் தனியொருவராகவே நிர்வகித்தார்" என்று தொடங்கியது. எங்களிடம் அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை இருக்கிறது, அவசரமாக வருகிறவர்களை அதன்மேல் வைப்போம். "நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளில் முதன்மைப் பங்காற்றினார்." "எந்தச் சூழலிலும் தவறிழைக்காதவர்." நான் தலையை நிமிர்த்தினேன். அவள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"முயல் எங்க?" என்றேன்.

"எடுத்துட்டேன் டாக்டர்."

"ஏன்?"

"அதாலதான போன தடவ போச்சு." ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். "செஞ்ச தப்ப யாராவது சிபாரிசு லெட்டர்ல எழுதுவாங்களான்னு கண்ணாடி கேட்டான். கரெக்ட்தான? நீங்க அவ்வளவு நல்லா எழுதிக் குடுத்தும் நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன். ஒரு வருஷமா இதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன்."

"இதெல்லாம் பொய்யா இருக்கே."

"எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க டாக்டர். இனிமே நானும் கொஞ்சம் பொழைக்கக் கத்துக்கணும்ல."

வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் தயார் செய்து வைத்திருந்த வரிகளையும் எழுதியிருந்தால் அவளுக்கு இடமும் கிடைத்திருக்கும். எந்த ஜென்மத்திலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தன் நேர்மைதான் தன்னைக் கெடுத்தது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிற பெண் எதிரில் நிற்கிறாள். அவள் டாக்டராவாள். ஒருநாள் மறுபடியும் துண்டோடு எடை போடுவாள், யார்தான் போடவில்லை? அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாள். அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்.

"முயலால போகல" என்றேன். "என்னாலதான் போச்சு."

அவளுக்குப் புரியவில்லை. நான் எழுதிய வரிகளை அப்படியே சொன்னேன். ஒரு வருடமாக ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. வாசலில் டோக்கன் அண்ணன் "பதினேழு, பதினேழு யாரு?" என்று கத்திக்கொண்டிருந்தார். ஊசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் டாக்டர்?"

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கண்ணராவியாகத்தான் இருந்திருக்கும். "நீ போயிட்டா என்னால முடியாதுன்னு தோணிச்சு. சுயநலம். வேற எதுவும் இல்ல."

"அம்மாகிட்ட வேற மாதிரி சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"அம்மா அத எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. சித்தி, மாமா, கடைக்கு வர்றவங்க, எல்லார்கிட்டயும்." கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். "கேட்டிருந்தா இருந்திருப்பேனே. ஒரு வருஷம் இருந்துட்டுப் போம்மான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா."

அவள் இருந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் என் விரலைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்றுதான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் காலை வாரிவிடுவது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

வேறு யாரிடமாவது கடிதம் வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "வேற யாருக்கு என்னத் தெரியும்? நாலு வருஷமா இங்கதான இருக்கேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் டோக்கன் அண்ணனின் கம்ப்யூட்டரில் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தாள். மூன்று ஆண்டுகள் என்பதை நான்கு ஆண்டுகள் என்று மட்டும் மாற்றி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். முயல் அதே இடத்தில் இருந்தது. அடியில் மூன்று வரிக்கு இடமும் இருந்தது.

குளிக்கும்போது சொல்லிப் பார்த்ததெல்லாம் இப்போது எழுத வரவில்லை. எழுதினால் லஞ்சம் கொடுப்பதுபோல இருக்கும் என்று தோன்றியது. உண்மையை எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். விரல் வலிக்க வலிக்க எழுதினேன்: "சென்ற ஆண்டு இவருக்காக நான் எழுதியது நேர்மையற்றது. இவரை இழக்க மனமில்லாமல் வேண்டுமென்றே அப்படி எழுதினேன். அந்தக் குற்றம் முழுவதும் என்னுடையது, அதற்காக வெட்கப்படுகிறேன்." எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாகக் கூசாமல் அவள் கண்ணைப் பார்த்தேன். இந்தத் தடவை கவரில் போடவில்லை. நீயே படித்துப் பார் என்று அவளிடமே நீட்டினேன்.

படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"இது யாரப் பத்தி டாக்டர்?"

"நடந்தத எழுதியிருக்கேன். அவங்களுக்கும் தெரியணும்ல."

"தெரிஞ்சா உங்க கையெழுத்துக்கு அப்புறம் அங்க மதிப்பே இருக்காது. என் லெட்டரும் அதே கையெழுத்தோடதான் போகுது. அடுத்த வருஷம் கண்ணாடியும் உங்ககிட்டதான் வந்து நிப்பான்." காகிதத்தை நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இருக்கறது மூணு வரி. மூணும் உங்களப் பத்தியே இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மறுபடியும் வாசலுக்குப் போனாள். பிரிண்டர் இரைகிற சத்தம் கேட்டது. "எத்தன தடவம்மா அதையே எடுப்ப?" என்று டோக்கன் அண்ணன் கேட்டதும் கேட்டது. திரும்பி வந்து புதுக் காகிதத்தை மேசைமேல் வைத்து, மூடியைக் கழற்றிப் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"உங்க மனசு லேசாகறதுக்கு என் லெட்டர்ல இடம் இல்ல டாக்டர். என்னப் பத்தி எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.